சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை, வழக்கு இன்னும் முடியவில்லை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சட்டத்தரணி அல்லன். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் வழக்கேடுகளை அலுமாரியிலிருந்து எடுத்து மன்றுக்குக் கொண்டுபோவதும் மாலையில் அவற்றைத் திரும்பக் கட்டி வைப்பதுமாகவே தலை நரைத்துவிட்டது. இப்போது உவர்மலையில் வீட்டு விறாந்தையில் இருந்தாலும் ஆட்கள் தேடி வருகிறார்கள். மூதூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. கையில் கடைப் பை, பைக்குள் மடிந்து கசங்கிய வழக்குத் தாள்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வைத்த சட்டத்தரணிக்கு இனிக் கொடுக்க வழியில்லை, என்ன செய்வது? அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வழக்குக்கான ஆலோசனையைச் சட்டம் படித்தவரிடம்தான் பெற வேண்டும். அவரை எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதற்கே இது.

அடுத்த வழக்குத் தவணைக்குக் கொடுக்கப் பணமில்லை. மன்றுக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன?

என்ன செய்தாலும் அதை மட்டும் செய்யாதீர்கள். நான் பார்த்த அளவில், ஏழைகள் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் சட்டத்தரணி இல்லாததால் அல்ல, தவணைக்கு வராததால்தான்.

மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் வழக்காளியாக இருந்து வராமல் போனால் வழக்குத் தள்ளுபடியாகலாம். எதிராளியாக இருந்தால் நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விளக்கம் (வழக்கு விசாரணை) நடந்து தீர்ப்பு எழுதப்படும். அந்தக் கட்டளை உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மன்றுக்கு வந்து, வராமல் போனதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். வழக்காளிக்கு இப்படி நாள்கணக்கு இல்லை. நியாயமான காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றுதான் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. அதை நம்பி ஆறு மாதம் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

தம்பலகாமத்து விவசாயி ஒருவர் சட்டத்தரணிக்குப் பாக்கி வைத்துவிட்டார். முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு இரண்டு தவணை போகவில்லை. மன்றின் தாள்களைச் சேர்ப்பிக்கும் பிஸ்கல் உத்தியோகத்தர் கட்டளையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அறுவடை நேரம். தாளைச் சுவர்க் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். நெல் விற்ற காசோடு அதையும் எடுத்துக்கொண்டு அவர் எங்கள் மேசைக்கு வந்தபோது இருபது நாட்கள் கடந்திருந்தன. அவரிடம் காசு இருந்தது, நாள் இல்லை.

குற்றவியல் வழக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். பிணையில் இருப்பவர் வராவிட்டால் பிடியாணை பிறக்கும். உங்களை நம்பிப் பிணை நின்ற மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் மன்றுக்கு இழுபடுவார்கள். எனவே சட்டத்தரணி இல்லாவிட்டாலும் நீங்கள் போங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, சட்டத்தரணி வைக்க வசதியில்லை, சட்ட உதவிக்கு விண்ணப்பிக்க ஒரு தவணை தாருங்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்குக் காசு வேண்டாம்.

சட்டத்தரணியிடம் இதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் உங்களுக்குத்தான். அவருக்கு இது பழகிய கதை. நீதிமன்ற விறாந்தையில் நாலு பேர் நடுவில் சொல்லாமல், முன்கூட்டியே ஒரு மாலை அவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். தவணைக்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் சொல்வது இருவருக்கும் சங்கடம்.

போகும்போது கேட்பதற்குச் சில விடயங்களைக் கையோடு கொண்டு போங்கள். முதலாவது, செலவு எங்கே போகிறது என்பது. ஒரு தவணைக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் எட்டுத் தவணை வந்தால் 40,000 ரூபாய். அந்த எட்டில் உண்மையான விளக்கத் தவணை இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்றவை வெறும் அழைப்புத் தவணைகள்: அழைப்பாணை திரும்பி வந்ததா, நில அளவையாளரின் அறிக்கை வந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த திகதி கொடுப்பதோடு முடிந்துவிடும். அவற்றுக்கு முழுக் கட்டணம் வேண்டாம், விளக்கத்துக்கு மட்டும் முழுதாகத் தருகிறேன் என்று கேட்கலாம். ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. உங்கள் பிரொக்சியில், அதாவது உங்களுக்காகச் செயற்பட நியமித்து நீங்கள் மன்றுக்குக் கொடுத்த பத்திரத்தில், பெயர் இருக்கும் பதிவுச் சட்டத்தரணி ஒருவர். மன்றில் எழுந்து நின்று வாதாட அவர் மூலம் அமர்த்தப்படும் சிரேஷ்ட சட்டத்தரணி வேறொருவராக இருக்கலாம், சில வேளை கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவராகவும் இருக்கலாம். பெருஞ்செலவு அங்கேதான். சிரேஷ்டரை நிறுத்திவிட்டு, பதிவுச் சட்டத்தரணியே வழக்கைக் கொண்டு நடத்த முடியுமா என்று கேளுங்கள். சிறிய காணி வழக்குக்குப் பெரிய பெயர் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய பெயருக்கு நகையை அடகு வைத்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுவது, முழு வழக்குக்கும் ஒரே தொகை பேசுவது ஆகியவற்றையும் கேட்கலாம். எது முடிவானாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டும் கேளுங்கள்.

பழைய பாக்கி இருக்கும்போது சட்டத்தரணியை மாற்ற முடியுமா?

முடியும். மாவட்ட நீதிமன்ற வழக்கில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் பிரொக்சியை இரத்துச் செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம், பழைய சட்டத்தரணிக்கு அறிவித்தல், மன்றின் அனுமதி ஆகிய மூன்றும் தேவை. பாக்கி என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. அதைத் தீர்க்காமல் போவது முறையல்ல என்றாலும், உங்கள் வழக்கு அதற்காக நிற்பதில்லை. பழையவர் மனமொத்துச் சம்மதக் கையெழுத்து வைத்தால் ஒரே நாளில் காரியம் முடியும். அதனால்தான் நயமாகப் பேசிப் பிரியச் சொல்கிறேன்.

பிரொக்சி வழக்கேட்டில் இருக்கும் வரை நீங்களாக ஒரு மனுவை எழுதிக் கொடுத்தால் மன்று அதை ஏற்காது. உங்களுக்காகச் செயற்படுபவர் இருக்கும்போது நீங்கள் தனியே செயற்பட முடியாது. சட்ட உதவி பெறப் போகிறவர்களும் இதை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

நீதவான் நீதிமன்றத்துக் குற்றவியல் வழக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பிரொக்சி கேட்பதில்லை. புதியவர் எழுந்து நின்று உங்களுக்காகத் தோன்றுவதாகச் சொன்னால் போதும்.

தாள்களெல்லாம் அவரிடம். பணம் கட்டினால்தான் தருவேன் என்கிறார்.

சண்டை பிடிக்காதீர்கள். மன்றில் பதிவான முறைப்பாடு, மறுமொழி, சாட்சியம், கட்டளை எல்லாம் வழக்கேட்டிலேயே இருக்கின்றன. வழக்கின் தரப்பினர் என்ற முறையில் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, சான்றுபடுத்தப்பட்ட பிரதிகளைப் பெறலாம். தொலைந்த காணி உறுதிக்கும் இப்படித்தான்: காணிப் பதிவகத்தில் பதிவான உறுதியின் பிரதியை அங்கேயே எடுக்கலாம். மூல உறுதி அவரிடம் இருந்தால் அதை மட்டும் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட உதவி ஆணைக்குழு என்கிறார்களே, அது யாருக்கு? எப்படிப் போவது?

இலங்கை சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. தலைமையகம் கொழும்பில், நிலையங்கள் பல மாவட்டங்களில். திருகோணமலையிலும் உண்டு. நீதிமன்றத்துக்கு வந்து எந்த உத்தியோகத்தரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். வாசலில் நிற்கும் தரகரைக் கேட்காதீர்கள். அவர் வேறு வழி காட்டுவார்.

அங்கே இரண்டு விடயங்கள் பார்க்கப்படும். ஒன்று உங்கள் வருமானம். வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன தொகையை நம்பாமல் நேரில் கேளுங்கள். மற்றது, வழக்கில் சாரம் இருக்கிறதா என்பது. வருமானம் இல்லை என்பதற்காக எந்த வழக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

போகும்போது தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் தந்த வருமானச் சான்று, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறுபவரானால் அதற்கான அத்தாட்சி, வழக்குத் தாள்கள், அடுத்த தவணைத் திகதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கிராம உத்தியோகத்தர் கடிதத்துக்குப் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டுமா என்று முன்பே கேட்டுவிட்டால் வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ இரண்டு தரம் பஸ் ஏற வேண்டியிருக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம் திகதி. தவணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது போகிறவருக்கு ஏதாவது செய்யலாம். நாளைக்கு விளக்கம் என்று இன்று மாலை வருகிறவருக்கு, நாளை எழுந்து நின்று தவணை கேளுங்கள் என்பதைத் தவிர யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தாபரிப்பு வழக்கு, குடும்ப வன்முறைப் பாதுகாப்புக் கட்டளை, விவாகரத்து, காணி, தொழில் என்று பலவகை வழக்குகளை அவர்கள் எடுக்கிறார்கள். ஏற்கெனவே நடக்கும் வழக்கையும் கொண்டுபோய்க் கேட்கலாம்.

சட்டத்தரணிக் கட்டணம் இல்லையென்றால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கில் நில அளவையாளருக்கான பணம் தனி. பிரதிகளும் பயணமும் தனி. ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் செலவைப் பங்காளிகள் தத்தம் பங்குக்கேற்பப் பகிர்ந்துகொள்ளும் முறை இருக்கிறது. முழுச் செலவையும் நீங்களே தாங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இலவசமாக வரும் சட்டத்தரணி ஒழுங்காக வாதாடுவாரா?

சிலர் நன்றாக, சிலர் சுமாராக. கட்டணம் வாங்குபவர்களும் அப்படித்தான். அவர் தலையில் நிறைய வழக்குகள் இருக்கும் என்பது மட்டும் உண்மை. உங்கள் கதையைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

என் மகன்மீது மேல் நீதிமன்றத்தில் வழக்கு. சட்டத்தரணி விலகிக்கொண்டார். இனி?

நீதிபதியிடம் கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரிலோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விளக்கத்தில் செவிமடுக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(3) உறுப்புரை. வசதியில்லாதவருக்கு, நீதியின் நலன் கோரும் இடத்தில் கட்டணமின்றிச் சட்ட உதவி அளிக்கப்பட வேண்டும் என்கிறது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். மேல் நீதிமன்ற விளக்கத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் மன்றே ஒரு சட்டத்தரணியை ஒதுக்கிக் கொடுக்கும் முறை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. அவருக்கான கொடுப்பனவு அரசினுடையது. மகன் விளக்கமறியலில் இருந்தால் சிறைச்சாலை உத்தியோகத்தர் மூலமும் இந்தக் கோரிக்கையை அனுப்பலாம். ஒதுக்கப்பட்டவரை விளக்க நாளன்று மன்றிலேயே முதன்முதலாகச் சந்திப்பது நல்லதல்ல. பெயர் தெரிந்ததும் குடும்பத்தில் ஒருவர் போய்ப் பேச வேண்டும்.

என் வீட்டில் களவு போனது. பொலிஸ் வழக்குப் போட்டிருக்கிறது. நானும் சட்டத்தரணிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸாரும் மேல் நீதிமன்றத்தில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டத்தரணியும் வழக்கை நடத்துகிறார்கள். நீங்கள் சாட்சி. உங்கள் நலனைக் கவனிக்க ஒருவரை வைப்பது உங்கள் விருப்பம். பணம் இல்லையென்றால் முதலில் நிறுத்தக்கூடிய செலவு இதுதான்.

சட்டத்தரணியே இல்லாமல் காரியம் நடக்கும் இடங்கள் இருக்கின்றனவா?

நாம் நினைப்பதைவிட அதிகம். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச இடமில்லை. இரு தரப்பும் பள்ளிக்கூட வாங்கில் எதிரெதிரே அமர்ந்து பேச வேண்டியதுதான். சிறிய கடன், வேலிச் சண்டை, வசைச் சண்டை போன்றவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கேதான் முதலில் போக வேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு மன்றுக்கு வரலாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொன்று: 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. அங்கே கொண்டு நடத்தித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலாவெளி ஹோட்டலில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்க உத்தியோகத்தர் ஒருவரே அவருக்காகத் தோன்ற முடியும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேமலாப நிதி கட்டப்படவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தால் திணைக்களமே அறவிட நடவடிக்கை எடுக்கும். அரச அதிகாரி ஒருவரால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகம் இருக்கிறது. நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே கால எல்லை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போனால், விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

மன்றிலும் நீங்களே பேசலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. தாபரிப்பு வழக்கில் பல தாய்மார் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைத் தாளில் எழுதிவந்து வாசித்தவர்களை நீதவான்கள் பொறுமையாகக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 66ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்லும் காணித் தகராற்று வழக்கிலும் பாகப்பிரிவினையிலும் தனியே இறங்க வேண்டாம். அங்கே சத்தியக் கடதாசியில் விடுபட்ட ஒரு வரியைப் பிறகு சேர்ப்பது கடினம். மன்றில் உங்களுக்குப் புரியாத மொழியில் நடவடிக்கை நடந்தால் மொழிபெயர்ப்பு கேட்பது உங்கள் உரிமை. மன்றின் மொழிபெயர்ப்பாளரான முதலியாரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வட்டிக்கு வாங்கியாவது சட்டத்தரணிக்குக் கட்டலாமா? காணியை எழுதித் தரச் சொல்கிறார் ஒருவர்.

நகையை அடகு வைப்பதற்கே நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். காணியை அறுதியாக எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது வேண்டவே வேண்டாம். திருப்பித் தந்ததும் மீள எழுதித் தருகிறேன் என்பது வாய்ச்சொல். உறுதியில் இருப்பது விற்பனை. அது உண்மையில் கடன்தான் என்று நிரூபிக்க இன்னொரு வழக்குப் போட வேண்டும், அதற்கு இன்னொரு சட்டத்தரணி. ஒரு காணியைக் காப்பாற்ற வந்த குடும்பம் இன்னொரு காணிக்காக அதே விறாந்தையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்போடு இணக்கத்துக்கு வருவதைப் பற்றியும் யோசிக்கலாம். வழக்கு நடுவிலும் இணங்கலாம். நிபந்தனைகளை மன்றில் பதிவு செய்து கையெழுத்திட்டால் அது கட்டளையாகிவிடும். கையெழுத்து வைக்கும் முன் உங்கள் பக்கத்துச் சட்டம் தெரிந்த ஒருவர் அந்த நிபந்தனைகளை வாசிக்கட்டும். பிறகு மனம் மாறினால் மீள்வது மிகக் கடினம்.

பணம் வாங்கிக்கொண்டு சட்டத்தரணி வரவே இல்லை.

முதலில் அவருக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சட்டத்தரணிகள் சங்கத்திடமும், சத்தியக் கடதாசியோடு உயர் நீதிமன்றத்திடமும் முறையிடலாம். சட்டத்தரணிகளின் நடத்தைக்கு 1988ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆக்கிய விதிகள் இருக்கின்றன. இது உங்கள் வழக்கைக் காப்பாற்றாது, அதற்கு வேறாக ஓட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவர்கள் இங்கேதான் கை பிசைகிறார்கள்.

தீர்ப்பு எதிராக வந்துவிட்டது. மேன்முறையீட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு போகலாமா?

காசு சேரும் வரை காலம் காத்திருக்காது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பென்றால் மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள்ளும், மனுவைத் தீர்ப்பிலிருந்து 60 நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும். 14 நாள் கணக்கில் ஞாயிறும் அரச விடுமுறையும் சேராது, ஆனாலும் அந்த நுணுக்கத்தை நம்பிக் கடைசி நாள் வரை போகாதீர்கள். குற்றத் தீர்ப்புக்கும் 14 நாட்கள்தான். தீர்ப்பு வந்த அன்றே, மன்றை விட்டு இறங்கும்போதே சட்ட உதவி நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்த தவணைத் திகதியே தெரியவில்லை. சட்டத்தரணி தொலைபேசியை எடுப்பதில்லை.

வழக்கிலக்கத்தோடு பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள். மன்றிலிருந்து வந்த எந்தத் தாளிலும் மேலே அது இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் பொதுவாக இலக்கத்தோடு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும்: பி என்றால் பாகப்பிரிவினை, எல் என்றால் காணி, எம் என்றால் பணம், டி என்றால் விவாகரத்து. அந்த எழுத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இலிகிதர் சரியான புத்தகத்தை எடுப்பார். இலக்கம் தெரியாவிட்டால் இரு தரப்பினரின் முழுப் பெயரையும் வழக்குப் போட்ட ஆண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மன்று தொடங்கும் நேரத்தில் வராதீர்கள், அப்போது இலிகிதர்கள் வழக்கேடுகளோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் தேடிப் பார்த்துச் சொல்ல நேரம் இருக்கும். திகதியைக் கைபேசியில் மட்டும் குறித்துக்கொள்ளாமல் வழக்குத் தாளின் மேல்மூலையிலும் பேனாவால் எழுதி வையுங்கள்.